அல்ஜிப்ராவில் தொண்ணூற்றாறு

பென்சிலை நாக்கில் நனைத்து எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் குமட்டும். தபால் நிலையத்தில் வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர் அப்படிச் செய்தால் நான் பேசாமல் அடுத்த வரிசைக்குப் போய்விடுவேன். என் பேரப்பிள்ளைகள் இதைத் தாத்தாவின் கிறுக்கு என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அந்த நாக்கை அவர்கள் பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன். ஓரமெல்லாம் வெற்றிலைச் சிவப்பு, நடுவில் பென்சில் கறுப்பு. அந்த நாக்கு நனைத்த பென்சில்தான் நான் காலேஜில் எந்தக் கணக்கைப் படிக்க வேண்டும் என்று எழுதியது. எழுதவிட்டது யார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முப்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. சிங்கப்பூரில் காலேஜில் முதல் வருஷம் முடித்துவிட்டு நீண்ட விடுமுறைக்குக் கோலாலம்பூர் வந்திருந்தேன். வீடு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. வெளுத்த வேட்டியைக் கொடியில் போட்டால் சாயங்காலத்துக்குள் எஞ்சின் கரி படிந்து புள்ளி புள்ளியாகிவிடும். பின்பக்கச் சாக்கடையில் எல்லா வீட்டு மீன் கழுவிய தண்ணீரும் ஓடும். மழை பெய்தால் அது முன்வாசலுக்கும் வரும். ஒரு வருஷம் ஹாஸ்டலில் வெள்ளை விரிப்பில் படுத்து எழுந்த எனக்கு அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் அருவருப்பாக இருந்தது. சோற்றுத் தட்டைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். அம்மா அதைப் பார்த்தாள். தட்டை எடுத்துப் போய் இன்னொரு தடவை சாம்பல் போட்டுத் துலக்கிக் கொண்டுவந்தாள். சீ, என்ன ஜென்மம் நான்!

அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். எஞ்சின் சக்கரங்களைக் கழற்றுவது, பழுது பார்ப்பது, திரும்ப மாட்டுவது அவர் வேலை. சாயங்காலம் வந்ததும் பின்பக்கம் குந்தி மண்ணெண்ணெயும் சவுக்காரமும் போட்டுக் கையைத் தேய்ப்பார். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு இருக்கும். அந்தக் கையால் அவர் சோறு பிசைவதைப் பார்க்காமல் இருக்க நான் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிடப் பழகியிருந்தேன். குடியிருப்பில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஃபிட்டரு, ஃபிட்டரு என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

எனக்கு ஃபிசிக்ஸ் பைத்தியம். முதல் வருஷத்தில் ஒரு நாள், சுருள்கம்பி ஒன்றில் எடையைத் தொங்கவிட்டு, அது மேலும் கீழும் ஆட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அதற்கு முன்பே காகிதத்தில் கணக்குப் போட்டு ஒரு விடை எழுதி வைத்திருந்தேன். இரண்டும் ஒன்றாக வந்தன. அந்த ஜடப்பொருள் என் காகிதத்துக்குக் கட்டுப்பட்டு ஆடியது! மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததுகூட எனக்குக் கேட்கவில்லை. வாழ்நாள் முழுக்க இதையே செய்துகொண்டிருக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

எங்களுக்கு ஃபிசிக்ஸ் நடத்தியவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. சிரிக்கத் தெரியாத மனிதர். வருஷக் கடைசியில் என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்தே பேசினார். இரண்டாம் வருஷத்தில் ஃபிசிக்ஸ் மாணவர்கள் நான்கு கணக்குப் பாடங்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அல்ஜிப்ரா, ஜியோமெட்ரி, மெக்கானிக்ஸ், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ். எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றுதான் விதி. ஆனால் மூன்றாம் வருஷ ஃபிசிக்ஸுக்கு அவர் நான்கே பேரைத்தான் எடுப்பார். "கடைசி இரண்டையும் படிக்காதவனுக்கு நான் மூன்றாம் வருஷத்தில் ஒன்றும் சொல்லித்தர முடியாது. அவன் என் கதவைத் தட்ட வேண்டாம். நீ ஒழுங்காக எடுத்தால் நான்கில் ஒரு இடம் உனக்கு" என்றார். அசைகிற பொருளைப் பற்றியது மெக்கானிக்ஸ். நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிற எதையும் கணக்கில் பிடிக்கக் கற்றுத்தருவது மற்றது. அவை இரண்டும் இல்லாமல் ஃபிசிக்ஸ் இல்லை. இது எனக்கு அன்றைக்கே தெளிவாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

பாடங்களை எழுதி, தகப்பனார் கையெழுத்து வாங்கி, காலேஜ் திறப்பதற்கு முன் தபாலில் அனுப்பச் சொல்லி ஒரு பாரம் கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம்தான். எனக்கு எழுத ஐந்து நிமிஷம் போதும். ஆனால் பிரிக்பீல்ட்ஸில் அது நடக்காது.

எங்கள் குடியிருப்புத் தமிழர் வீட்டுக்கு இங்கிலீஷில் எந்தப் பாரம் வந்தாலும் அதைப் பெரிய கிராணிதான் எழுத வேண்டும். கிராணி என்றால் ஆபீஸ் எழுத்தர். இவர் ஏதோ ஒரு கம்பெனிக் கந்தோரில் இருபது வருஷமாகப் பேரேடு எழுதியவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதை மட்டும் நான் மறுக்கமாட்டேன். லீவு மனுவா, பிறப்புப் பதிவா, ஊருக்குப் போகக் கப்பல் பாரமா, எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசகசாலையில் அவர் முன்னால் போய் நிற்கும். முதலில் பென்சிலில் எழுதுவார். நேரம் பார்த்து அதன் மேல் மையால் எழுதுவார். இந்த வழக்கத்தை மீறினால் காரியம் கெட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை. தன் லீவு மனுவைத் தானே எழுதிய ஒரு போர்ட்டரை மறு மாசமே எங்கோ இருக்கும் கெமாஸ் ஸ்டேஷனுக்கு மாற்றிவிட்டார்களாம். அந்தக் கதையை நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். ஆள் என்ன எழுதினான், ஏன் மாற்றினார்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

"நானே எழுதிக்கிறேன்மா, எனக்கு எழுதத் தெரியாதா?" என்றேன் வீட்டில்.

"தெரியும் லா. யாரு இல்லன்னா? ஆனா அவர் கை பட்டா நல்லதுடா" என்றாள் அம்மா.

அப்பா கையைத் துடைத்தபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாரத்தைத் தொடவில்லை. தூரத்திலிருந்தே பார்த்தார். "எதெதுடா எடுக்கப் போற?" என்றார். நான் நான்கு பெயரையும் சொல்லி, கடைசி இரண்டு என்றேன். "மெக்கானிக்ஸா? அதுல சக்கரமெல்லாம் வருமா?" என்றார். வரும் என்றேன். "எஞ்சின் சக்கரமுமா?" என்றார். அவர் முகத்தில் ஒரு ஆர்வம் இருந்தது. ஏதோ கேட்க வாயெடுத்தார். எனக்குச் சவுக்கார நாற்றமும் மண்ணெண்ணெய் நாற்றமும் மூக்கில் ஏறியது. "எல்லாம் வரும்ப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் வாசகசாலைக்குப் போனோம். வாசகசாலை என்று பெயர். வாசிக்கிறவன் ஒருத்தன்கூட அங்கே கிடையாது. பத்திரிகைகளெல்லாம் தலையெண்ணெய் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மேசைக்குக் கீழே ஒரு பித்தளை எச்சில் படிக்கம். அதில் பாதியும் அதைச் சுற்றிப் பாதியுமாகத் துப்பி வைத்திருப்பார்கள். நடுவில் கிராணி, கோட்டும் தலைப்பாகையுமாக. சுற்றிப் பதினைந்து பேர். அன்றைக்குப் புதிதாக ஒருவரும் இருந்தார். கிள்ளானில் அரிசிக் கடை வைத்திருப்பவர், பளிச்சென்ற வெள்ளைச் சட்டை, விரலில் சிவப்புக்கல் மோதிரம். எங்கள் குடியிருப்பில் யாரோ சொந்தக்காரரைப் பார்க்க வந்தவர்போல உட்கார்ந்திருந்தார். ஆனால் அவருக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறது என்றும், காலேஜ் படிக்கிற பையனைப் பார்க்கத்தான் அவர் வந்திருக்கிறார் என்றும் அம்மா காலையிலேயே என் காதில் போட்டிருந்தாள்.

கிராணி பாரத்தை வாங்கி, நாலாபுறமும் திருப்பிப் பார்த்து, தொண்டையைச் செருமி, கூட்டத்துக்கெல்லாம் கேட்கும்படி வாசித்தார். நான்கில் இரண்டு என்றதும் ஆளாளுக்கு நாட்டாமை ஆகிவிட்டார்கள். ஃபிசிக்ஸ் என்றால் என்ன என்றே தெரியாதவர்கள். அவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்.

"எதுல மார்க் கூட வரும் தம்பி?"

"நூத்துக்கு நூறு எதுல போடுவாங்க? அத எழுதுங்க கிராணி ஐயா."

"மார்க் வந்தாத்தானே பேப்பர்ல பேரு வரும்? இங்க எல்லாருக்கும் படிச்சுக் காட்டலாம் லா!"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. "மார்க்குக்காக இல்லைங்க. மூணாம் வருஷம் ஃபிசிக்ஸ் கிடைக்கணும்னா மெக்கானிக்ஸ் எடுக்கணும்னு துரை சொல்லியிருக்காரு" என்றேன்.

கிராணி பென்சிலை வாயிலிருந்து எடுத்தார். அந்த நாக்கு வெளியே தெரிந்தது. "மெக்கானிக்ஸா?" என்றார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். "அட, அது உங்கப்பன் பண்ற வேலையில்ல? ஸ்பானர் பிடிக்கக் கத்துக்க எதுக்குத் தம்பி சிங்கப்பூர் காலேஜு? செந்தூலுக்கு ஒரு பாஸ் எடுத்தாப் போதுமே! ஏன் ஃபிட்டரு, உன் கிரீஸ் டப்பாவப் பையனுக்கே குடுத்துரலாம் போலிருக்கே!"

கூட்டம் சிரித்தது. கிள்ளான்காரரும் மோதிர விரலால் மீசையை நீவியபடி சிரித்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லக் கூடாதா? அந்த மனிதருடைய முத்து முத்தான கையெழுத்தால் ஒரு எஞ்சின் ஒரு அடி நகருமா என்று கேட்கக் கூடாதா? கேட்கவில்லை. கைகள் இரண்டையும் வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு, "பையனுக்கு எது பிரியமோ அத எழுதுங்க ஐயா" என்றார், சிரிப்பு மாறாமல். எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. கிராணி மேல் வந்ததைவிட அதிகமாக வந்தது. இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம்போல் இருக்கிறது. திருப்பிச் சொல்ல எனக்கும்தானே வாய் இருந்தது?

அப்போதுதான் கிள்ளான்காரர் முதல் தடவையாக என்னிடம் பேசினார். "அப்ப தம்பி என்னா படிக்கிறதா உத்தேசம்?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். மெக்கானிக்ஸ் என்ற சொல் வாய்வரை வந்தது. அதோடு மண்ணெண்ணெய், சவுக்காரம், நகக்கண் கறுப்பு எல்லாம் சேர்ந்து வந்தது. மென்று முழுங்கினேன்.

"அல்ஜிப்ரா" என்றேன்.

"அப்படிச் சொல்லு!" என்று கிராணி பென்சிலை நனைத்து அல்ஜிப்ரா என்று எழுதினார். கீழே அவராகவே ஜியோமெட்ரி என்று எழுதினார். கிள்ளான்காரர் தலையை ஆட்டினார். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. எமகண்டம் முடிந்து ஒன்றரை மணிக்குமேல் மை போடலாம், போய்ப் பசியாறிவிட்டு வாருங்கள் என்று பாரத்தை மேசை மேலேயே வைத்துவிட்டார்.

இன்னும் பென்சில்தான். ஒரு ரப்பர் துண்டு போதும். ஒன்றரை மணி நேரம் எனக்குக் கையில் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது தார்ச் சடக்கில் நல்ல வெயில். அப்பா என்னைவிட இரண்டடி பின்னால் வந்தார். கிராசிங்கில் ஒரு எஞ்சின் போவதற்காக நின்றோம். அப்போது சொன்னார். "உனக்கு வேற எடுக்கணும்னா சொல்லுடா. நான் போயி மாத்தி எழுதச் சொல்றேன். அவரு கோவிச்சாக் கோவிக்கட்டும். இதுக்காகக் கால்ல விழவும் தயாரு."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பதினைந்து பேர் முன்னால் இளித்துக்கொண்டு நின்ற மனிதர், எனக்காக இன்னொரு தடவை அங்கே போய் நிற்கத் தயாராக இருந்தார். எஞ்சின் எங்களைத் தாண்டிப் போனது. அவர் கண் அதன் சக்கரங்களிலேயே இருந்தது.

எனக்கு வேண்டியது மெக்கானிக்ஸ். என் நான்கில் ஒரு இடம். அதற்கு நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவர் அங்கே போய், அந்த மோதிரக்காரர் முன்னால், என் பையனுக்கு மெக்கானிக்ஸ்தான் வேணுமாம் என்று சொல்வதை நினைத்துப் பார்த்தேன். ஃபிட்டர் மகன் ஃபிட்டர்தானே என்று மறுபடி ஒரு சிரிப்புக் கிளம்பும். உடம்பெல்லாம் கூசியது.

"கிராணி எழுதினதே இருக்கட்டும்ப்பா" என்றேன்.

"துரை என்னமோ சொன்னாருன்னியே?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்ப்பா. விடுங்க."

அவர் தண்டவாளத்தைத் தாண்டி நடந்தார். "சரி" என்றார். ஏன் மாற்றிக்கொண்டாய் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஒன்றே முக்காலுக்குக் கிராணி அந்தப் பென்சில் எழுத்தின் மேல் மை போட்டார். அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார். தாளில் கறை படாமலிருக்க வலது கையை வேட்டியில் நான்கு தடவை துடைத்துவிட்டுத்தான் பேனாவை வாங்கினார். தபாலில் போட்டது நான்.

இரண்டாம் வருஷம் எப்படிப் போனது என்று விலாவாரியாகச் சொல்ல எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஃபிசிக்ஸ் வகுப்பில் துரை கரும்பலகையில் எழுதுவதெல்லாம் மற்றவர்களுக்குப் புரிந்தது, எனக்குப் புரியவில்லை. நான் முதல் வருஷத்தில் ஆடவிட்டுப் பார்த்த அதே சுருள்கம்பி வந்தது. அது ஏன் அப்படி ஆடுகிறது என்று நான்கே வரியில் எழுதிக் காட்டினார். அந்த நான்கு வரியும் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் தலையை ஆட்டி ரசிக்கிறான். நான் நோட்டில் படம் வரைந்தவன்போல் அந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து இறக்கி வைத்தேன். புத்தகம் எடுத்து நானே படித்திருக்கலாம். படிக்கவில்லை. அல்ஜிப்ரா சுலபமாக வந்தது. சுலபமாக வருவதையே திரும்பத் திரும்பப் போட்டு மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வருஷக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் நான்கு பெயர் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. தட்ட வேண்டாம் என்று சொன்ன கதவை வெட்கங்கெட்டுப் போய்த் தட்டினேன். துரை என் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தார். "யார் இதைத் தேர்ந்தெடுத்தது?" என்றார்.

"வீட்டில் பெரியவர்கள்" என்றேன்.

அவர் தாளை மடித்து வைத்தார். "அப்படியானால் அவர்களிடமே ஃபிசிக்ஸ் கற்றுக்கொள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அடுத்த வேலை இருந்தது. நான் வெளியே வந்தேன். பொய் சொன்னதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. எவ்வளவு சரளமாக அது என் வாயிலிருந்து வந்தது என்பதுதான் படிக்கட்டு இறங்கும்போது உறைத்தது. அதற்குப் பிறகு நாற்பது வருஷம் அந்தப் பொய்யையே நான் எல்லாரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். கிராணி கெடுத்தார், கிராணி கெடுத்தார் என்று.

அல்ஜிப்ராவில் எனக்குத் தொண்ணூற்றாறு வந்தது. காலேஜிலேயே முதல் மார்க். சேதி எனக்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் கூட்டம் போட்டு எனக்கு மாலை போட்டார்கள். காலையில் வாங்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்த மாலை, கழுத்தில் ஈரமாக ஒட்டி, சட்டைக்குள் சொட்டியது. ஒரு எறும்பு பிடரியில் கடித்தது. கையெடுத்துத் தட்டவும் முடியவில்லை. கிராணி அரை மணி நேரம் பேசினார். இந்தப் பையனுக்குச் சரியான வழி காட்டியது யார் என்று கேட்டு, அவரே தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அன்னைக்கு நான் மட்டும் அல்ஜிப்ரான்னு எழுதலன்னா இவன் இன்னைக்கு எந்த எஞ்சினுக்கு அடியில கெடப்பானோ!" என்றார். கைதட்டல். சந்தோஷத்தில் எழுந்து படிக்கத்தில் துப்பினார். குறி தவறி என் செருப்பில் இரண்டு சொட்டு விழுந்தது. நான் கைகூப்பி நன்றி சொன்னேன். தூ! இதை எழுதும்போதுகூட வாயில் கசக்கிறது.

அப்பா கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். கிள்ளான்காரர் வரவில்லை. அவர் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளைக்குக் கிள்ளானிலேயே சொந்தமாக மோட்டார் பட்டறை. லோரிகளுக்கு அடியில் படுத்துப் படுத்தே முன்னுக்கு வந்தவனாம். இதை அம்மா சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அன்று மத்தியானம் நானும் அப்பாவும் சாப்பிட உட்கார்ந்தோம். மாலையை அம்மா சாமி படத்துக்குப் போட்டிருந்தாள். அப்பா சோற்றைப் பிசையாமல் இருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஏன்டா, ஒரு சந்தேகம். ரொம்ப நாளாக் கேக்கணும்னு. எஞ்சின் பெரிய சக்கரத்துல ஒரு பக்கம் மட்டும் இரும்ப அடைச்சு வச்சிருப்பாங்க, பாத்திருக்கியா? கம்பி மாட்டுற எடத்துக்கு நேர் எதிர்ப் பக்கம்."

"ம்."

"அதக் கொறச்சு மாட்டினா எஞ்சின் ஓடுறப்ப முன்னும் பின்னும் குலுக்குது. சரின்னு அதிகமாப் போட்டா குலுக்கல் நின்னுருது. ஆனா தண்டவாளத்தப் போட்டு அடிக்குது, மேலேர்ந்து சம்மட்டியால அடிக்கிற மாதிரி. நானே கையால மாட்டிப் பாத்திருக்கேன். ஒண்ணு சரியானா இன்னொண்ணு கெட்டுப்போவுது. அது ஏன்டா?" தட்டின் ஓரத்தில் ஒரு விரலால் சக்கரம் வரைந்து, எதிர்ப் பக்கத்தில் ஒரு பருக்கையை வைத்துக் காட்டினார். "இருபது வருசமா இதே வேலைதான் பாக்குறேன். பட்டறைத் துரைகிட்ட ஒருக்காக் கேட்டேன். சொன்னதச் செய்யின்னுட்டாரு. நீ மெக்கானிக்ஸ் படிக்கப் போறேன்னு சொன்னியா, அப்ப நீ வந்து சொல்லுவேன்னு நெனச்சேன். அன்னைக்கே கேக்க வந்தேன். நீ எந்திரிச்சுப் போயிட்ட."

நான் அந்தப் பருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவையாக அவர் விரலை முகம் சுளிக்காமல் பார்த்தேன். நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றேன்.

"தெரியாதா?" என்றார். ஏமாற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க அவர் பட்ட பாடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பருக்கையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "பரவால்ல லா. நான் வேலைய விட்டு நிக்க இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. யாராச்சும் சொல்லுவாங்க. நீ சாப்பிடு."

மூன்றாம் வருஷத்தை முடித்துவிட்டு நானும் கோலாலம்பூரில் கிராணி ஆனேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். அவர் கேட்ட கேள்விக்கு விடை ஒரு சாதாரண மெக்கானிக்ஸ் புத்தகத்தில் பத்தே பக்கத்தில் இருக்கிறது. என் ஆபீஸுக்குப் பக்கத்து நூல் நிலையத்தில் அந்தப் புத்தகம் இருந்தது. போகும்போதும் வரும்போதும் அதன் முதுகைப் பார்த்திருக்கிறேன். அப்போதும் அவர் பட்டறையை விட்டு நிற்க ஒரு வருஷம் இருந்தது. ஒரு நாளும் நான் அதை எடுத்துத் திறக்கவில்லை.